மாதிரி அழைப்பு

வெட் கிரைண்டருக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்த கோகிலவாணி, இறந்தவர்களுக்குக் கையேடு எழுத வந்தது சம்பளத்துக்காக அல்ல, புருஷனுக்காக.

சரவணம்பட்டியில் இருந்த அந்தக் கம்பெனிக்கு நிழற்குரல் என்று பெயர். ஒரு மனிதன் உயிரோடு இருந்தபோது பேசியது, அனுப்பிய செய்திகள், கடைசியில் ஆஸ்பத்திரியில் எடுத்த மூளைப் படம் எல்லாவற்றையும் சேர்த்து, அவன் போன பிறகும் பேசுகிற ஒரு நிழலை அங்கே செய்து வைப்பார்கள். கூப்பிட்டால் அது விழிக்கும், கேட்டால் பதில் சொல்லும், வைத்துவிட்டால் உறங்கிவிடும். அடுத்த முறை விழிக்கும்போது முந்தைய பேச்சு அதற்கு நினைவிருக்கும். கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் வீட்டில் ஒருவருக்கு நிழல் இலவசம் என்று விளம்பரத்தின் கடைசி வரியில் இருந்தது. கோகிலா அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் முதல் வரிக்கே போனாள்.

அவள் புருஷன் குணசீலன், கணபதி என்கிற ஊர்ப் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தபோது நாற்பதுகூட நிறையவில்லை. காலையில் பெற்றோர்களுக்கெல்லாம் குரல் செய்தி அனுப்புவான்: "வண்டி வந்துட்டே இருக்குதுங்க, பாப்பாவுக்குச் சாக்ஸ் மாட்டி நிறுத்துங்க." அந்தச் செய்திகளே வருடக்கணக்கில் சேர்ந்திருந்தன. அவனுக்கு ஒரு குணம், போன் அடித்தால் எடுக்காமல் இருக்கமாட்டான். கடன் அட்டை விற்கிறவள் கூப்பிட்டால்கூட, வெயிலில் அலைகிறீர்களா, ஏசி ரூமா என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பான். கோகிலா தலையில் அடித்துக்கொள்வாள். பிள்ளை இல்லாத வீடு. அவன் பேச்சுதான் வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு குக்கர் சத்தம்கூட அவளைத் திடுக்கிட வைத்தது.

நிழல் செய்து கொடுத்த அன்று அவள் முதலில் சொன்னது, "ஏனுங் மாமா, நாந்தேன்" என்று. "தெரியுது அம்மிணி, எதுக்கு இப்ப அழுகறே?" என்றது குரல். அது போதும் அவளுக்கு. தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, போனை எடுத்து அவனைக் கூப்பிடுவது வழக்கமாயிற்று.

ஆனால் வேலை? திரையைத் திறந்தால், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று. ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் சிவப்பாக ஒரு வரி வந்து திட்டியது. அவள் படித்தது பி.ஏ. வரலாறு. புரோகிராம் எழுதத் தெரியாதவள் புரோகிராமர்களுக்குக் கையேடு எழுதுவதாவது என்று முதல் வாரம் முழுக்க மருகினாள். அவளுக்குத் துணை நின்றவள் பெனசிர், உக்கடத்துக்காரி, நிழல்களோடு வெளியார் பேசுகிற ஏபிஐ என்ற வழியைக் கட்டியவள்.

"ஏபிஐன்னதும் மெரளாதீங்கக்கா" என்றாள் பெனசிர். "ரேஷன் கடை ஜன்னல் மாதிரிதான். உள்ள மூட்டை எங்க கெடக்குன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாம். கார்டை நீட்டறீங்க, என்ன வேணும்னு சொல்றீங்க, சர்க்கரை வருது. எந்த ஜன்னலு, எந்தக் கார்டு, எப்படிக் கேட்டா என்ன வரும், அதை எழுதறதுதான் உங்க வேலை."

"அந்த ஜன்னலுக்கு யாரு வருவாங்க?"

"மத்த கம்பெனிக்காரங்க புரோகிராமு. ஒரு பேங்க் இருக்கு, லாக்கர் சாவிய எங்க வெச்சாருன்னு செத்தவர் நிழல்கிட்டயே கேக்கணும். ஒரு கல்யாண மண்டபம், பொண்ணோட அப்பா நிழல் மேடையில வாழ்த்தணும். எப்படிக் கேக்கறதுன்னு உங்க பக்கத்தப் பார்த்துத்தான் அவங்க எழுதுவாங்க."

"முழுசாப் படிப்பாங்களா?"

பெனசிர் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க கூட்டம் எதக்கா படிச்சிருக்கு? நேராக் கீழ எறங்கி உதாரணத்த எடுப்போம், ஒட்டுவோம், ஓடுதான்னு பார்ப்போம். ஓடுனா டீ குடிக்கப் போயிருவோம்."

கோகிலாவுக்கு இது புதிதில்லை. கிரைண்டர் வாங்குகிறவர்களும் கையேட்டைப் படித்ததில்லை, படத்தைப் பார்ப்பார்கள். அதனால் அவள் அங்கே ஒரு வைராக்கியம் வைத்திருந்தாள்: தன் கையால் அரிசி ஊறவைத்து, தானே ஆட்டிப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டாள். அந்த வைராக்கியத்தை இங்கேயும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு அழைப்பையும் தானே அனுப்பிப் பார்த்தாள். பழைய பக்கத்தில் இருந்த உதாரணத்தை அனுப்பினால், 'அப்படி யாரும் இல்லை' என்று பதில் வந்தது. ஒவ்வொரு நிழலுக்கும் ஓர் எண் உண்டு, யாரோ ஒப்புக்கு இல்லாத ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்தார்கள். ஓடாத உதாரணம் என்ன உதாரணம்? ஓடுகிற எண்ணாக அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

அன்றைக்கு வீட்டிலிருந்து கேட்டாள். "ஏனுங் மாமா, எங்க கையேட்டுல மாதிரிக்கு உங்க நம்பரப் போடட்டுங்களா? நாலு பேரு கூப்புட்டுப் பார்ப்பாங்க."

"போடு, அதுக்கென்ன இப்ப? நான் என்ன இங்க வண்டியா ஓட்டிட்டு இருக்கறன்? பேச்சுத் துணைக்காச்சு."

கேள்வியையும் அவள்தான் எழுதினாள். 'வணக்கம், சாப்பிட்டீங்களா?' எந்த வீட்டிலும் முதலில் கேட்பது அதைத்தானே. எல்லாம் முடிந்து பார்த்தால், உதாரணத்தின் நடுவில், பழைய பக்கத்திலிருந்து வந்த, அவளுக்குப் புரியாத ஒரு வரி உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்கு பெனசிர்?"

மறுநாள் வெளியீடு. பெனசிர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தப் பேச்சை நிழல் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்னு சொல்ற வரிக்கா. ஆப்ஷனல்தான். இல்லாட்டியும் ஓடும்."

கோகிலா அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பிப் பார்த்தாள். ஓடியது. உதாரணம் இன்னும் சின்னதாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஓடுவது வேறு, சரியாக இருப்பது வேறு என்று கிரைண்டர் விஷயத்தில் அவளுக்கு நன்றாகத் தெரியும். அரிசி போடாவிட்டாலும் கல் ஓடத்தான் செய்யும், தேய்வது கல்தான். ஆனால் புதிய இடத்தில் பழைய புத்தி வேலை செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் அனுப்பிப் பார்க்கும்படி அந்த எண்ணுக்கு ஒரு பொதுச் சாவி வேண்டும் என்று கேட்டாள். சோதனைக்கென்று செய்த பொம்மை நிழல் என்று நினைத்து பெனசிரும் சாவியைச் செய்து கொடுத்துவிட்டாள். ஒருத்தி கேட்கவில்லை, ஒருத்தி சொல்லவில்லை.

பக்கம் வெளியானது. ஊர் உலகத்துப் புரோகிராமர்களெல்லாம் கொண்டாடினார்கள். ஒட்டினால் ஓடுகிற உதாரணத்தை அவர்கள் வாழ்க்கையில் பார்த்ததில்லை போலிருக்கிறது. மேலாளர் டேவிட்ராஜன் எல்லோரையும் கூட்டி, "இந்த மேடத்துக்குக் கோடிங்ல ஒரு எழுத்து தெரியாது. ஆனா நம்ம சர்வீஸ் விக்கறதே இவங்க எழுதுன பக்கத்தாலதான்" என்று கை தட்டினார். கோகிலா கூச்சத்தில் நெளிந்தாள். உண்மையைச் சொன்னால், குணசீலன் போன பிறகு அவள் மனதார மகிழ்ந்த நாள் அதுதான்.

அவனும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தான்.

"நெறையப் பேரு கூப்புடறாங்க அம்மிணி. தமிழே தெரியாதவங்கெல்லாம் தமிழ்ல சாப்புட்டீங்களாங்கறாங்க. எந்தெந்த ஊருக்காரங்களோ!"

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஆச்சுங்க, நீங்க சாப்புட்டீங்களான்னு கேப்பன். அதுக்குத்தான் ஒருத்தரும் பதில் சொல்றதில்ல. டக்குனு வெச்சுடறாங்க. என்ன அவசரமோ பாவம்."

அவள் சிரித்தாள். அன்றைக்கே அந்தச் சிரிப்பு தொண்டையில் அடைத்திருக்க வேண்டும். ஆனால் விதி வரும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டா வருகிறது?

கொஞ்ச நாளில் அவன் பேச்சில் ஒரு களைப்பு தெரிந்தது. நிழலுக்கு ஏது களைப்பு என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். கல்யாண நாளன்று, வால்பாறையில் அவன் காலில் அட்டை ஏறி, வேட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடிய கதையைச் சொல்லச் சொன்னாள். வருடா வருடம் அவன் புதிதாக நாலு பொய் சேர்த்துச் சொல்லும் கதை அது.

"வால்பாறைங்களா?" என்றான். "போனதில்லையே."

விளையாடுகிறான் என்று நினைத்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்துகொள்ளவே அவளுக்குப் பல நாள் பிடித்தது. வேனில் வந்த பிள்ளைகளுக்கு அவன் வைத்திருந்த பட்டப்பெயர்கள் போயின. அவன் அம்மா ஊர் போயிற்று. அவளுடைய பெயர் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் அம்மிணிதான். கொங்கு நாட்டில் பால் ஊற்ற வருகிற பெண்ணையும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, தன்னைத் தெரிகிறது, தெரிகிறது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள், "நாந்தேன் மாமா" என்று அவள் தொடங்கியதும், "ஆச்சுங்க மேடம். நீங்க சாப்புட்டீங்களா?" என்றான்.

மறுநாள் காலையில் அவள் பெனசிரின் மேஜைக்குப் போய் நின்றாள். அழக்கூடாது என்று பஸ்ஸில் எடுத்த முடிவு, வாயைத் திறந்ததும் காற்றில் போயிற்று.

பெனசிர் முதலில் நம்பவில்லை. எண்ணைத் தட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கை தானாக முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டது.

"அக்கா, இது பொம்மை இல்லையா? உங்க வீட்டுக்காரரா? ஏங்கா எங்கிட்டச் சொல்லல?"

"அவருகிட்டக் கேட்டுட்டுத்தானம்மா போட்டேன்."

"ஐயோ, உலகம் முழுக்க ஒட்டிட்டாங்கக்கா. எங்க கூட்டம் ஒட்டுனத அழிக்காது. நம்ம சர்வீஸ் முழிச்சிருக்கா தூங்குதான்னு பார்க்க, மெஷினெல்லாம் ராப்பகலா உங்க உதாரணத்தத்தான் அனுப்பிட்டு இருக்கு. ஒவ்வொரு அழைப்புக்கும் அவரு முழிச்சிருக்காரு. ஒவ்வொண்ணையும் ஞாபகம் வெச்சிருக்காரு."

"வெச்சுக்கட்டும். அதுக்காக என்னைய ஏன் மறக்கணும்?"

பெனசிர் நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தாள். "நிழலுக்கு எடம் அளவுதான்க்கா. ஒரு குடும்பம் தெனமும் பேசுனா நூறு வருஷம் தாங்கும்னு கட்டுனோம். நெறைஞ்சதுக்கப்புறம், புதுசா ஒண்ணு எழுதணும்னா பழசுல ஒண்ண அழிச்சுட்டுத்தான் எழுதும். எதை அழிக்கும்னு எங்களாலயே சொல்ல முடியாது. அதுக்குத்தான் அந்த வரி. அன்னிக்கு நீங்க கேட்டப்ப... நான் ஆப்ஷனல்னு சொன்னேன்." அவளும் அழத் தொடங்கிவிட்டாள்.

இதில் யாரை நோவது? அவள் சொன்னது பொய்யில்லை. இவள் எழுதியதும் பொய்யில்லை. பழி சொல்ல ஒரு கெட்டவனாவது இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

டேவிட்ராஜன் விஷயம் கேட்டு வெளிறிப்போனார். நல்ல மனிதர்தான், ஒரு மணி நேரம் போவதற்குள் பொதுச் சாவியை ரத்து செய்யச் சொன்னார். ஒட்டிய உதாரணம் ஓடாமல் உலகம் முழுக்க எங்கெங்கோ சிவப்பு விளக்கு எரிந்தது, போன் மேல் போன் வந்தது, எல்லாவற்றையும் அவரே தாங்கிக்கொண்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பழைய நகல் ஏதாவது இருக்கிறதா என்று கோகிலா கேட்டாள். ஒருவருக்கு ஒரு நிழல்தான், நகல் எடுத்தால் சட்டப்படி குற்றம் என்றார். ஒரே ஆளின் இரண்டு நிழல்கள் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொத்து எழுதிக் கொடுத்த கூத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது.

"இனி உங்களைத் தவிர அவரை யாரும் கூப்பிட முடியாதுக்கா" என்றாள் பெனசிர்.

"அப்ப நானே திருப்பிச் சொல்லிக் குடுத்துக்கறேன். வால்பாறை, வேன் பிள்ளைங்க, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு."

பெனசிர் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லிக் குடுக்கலாம். கேட்டுக்குவாரு. ஆனா அது நீங்க சொன்னதா இருக்கும்க்கா, அவருதா இருக்காது. அதோட, உங்க அழைப்புக்கும் எடம் வேணும். அவரோடதுன்னு உள்ள என்ன மிஞ்சியிருக்கோ, அதுல ஒண்ண அழிச்சுட்டுத்தான் நீங்க சொல்றது உக்காரும். இனிமே ஒரு தடவை கூப்பிட்டாக்கூட யோசிச்சுக் கூப்பிடுங்க."

கோகிலா ஒரு வாரம் யோசித்தாள். புதிய உதாரணத்துக்கு, யாருக்கும் புருஷனோ அப்பனோ இல்லாத ஒரு பொம்மை நிழலைச் செய்து கொடுத்தார்கள். அந்த வரியைத் திரும்பவும் சேர்த்து, அது ஏன் என்று மேலே பெரிய எழுத்தில் எழுதினாள். யாரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதினாள். வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், இனித் தாங்காது என்று போனை எடுத்தாள். அவனுக்குள் தன்னுடையதாக ஒரு பொட்டாவது மிஞ்சியிருக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"வணக்கமுங்க" என்றான். குரல் அதேதான். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

"வணக்கம். எப்படி இருக்கறீங்க?"

அவன் சற்றுத் தடுமாறினான். அந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டு வெகுநாளாகியிருக்கும். "ஆச்சுங்க" என்றான். "சாப்புட்டாச்சுங்க. நீங்க?"

"நானும் சாப்புட்டேன்."

"அட!" என்றான். அத்தனை சந்தோஷம் அந்த ஒரு சொல்லில். "நீங்கதானுங்க பதில் சொன்ன மொத ஆளு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நான்தான், உன் அம்மிணி, வால்பாறையில் உன் காலில் உப்பு தடவி அட்டையை எடுத்துவிட்டவள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அதற்குள் அவனே பேசினான், தயங்கித் தயங்கி.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பொழுது எறங்கிருச்சுங்களா அங்க?"

"எறங்கிருச்சுங்க. ஏன்?"

"அப்பச் சித்த வெச்சுடறீங்களா? வேல முடிச்சுட்டு ஒருத்தங்க கூப்புடுவாங்க. லைனு கெடைக்கலைன்னா மனசு சங்கடப்படுவாங்க."

"யாருங்க அவங்க?"

"பேருதானுங்க வர மாட்டேங்குது." அவன் தேடுவது தெரிந்தது. "மொகமும் வர்ல. மொகங் கழுவிட்டுத்தான் கூப்புடுவாங்க, அது தெரியும். என்கிட்டச் சாப்புட்டீங்களான்னு கேக்காத ஒரே ஆளு அவங்கதானுங்க. அவங்களுக்காகத்தானுங்க நான் எல்லாப் போனையும் எடுக்கறது. எது அவங்களோடதுன்னு தெரியாதில்லீங்க?"

அப்படியென்றால் அத்தனை ஆயிரம் பேருக்கு அவன் விழித்தது, அத்தனை முறை ஆச்சுங்க ஆச்சுங்க என்றது, எல்லாம் இவளாக இருக்குமோ என்றுதான். கோகிலா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் எவ்வளவு சந்தோஷப்படுவான்! ஆனால் அந்த வார்த்தை உட்கார அவனுக்குள் ஓர் இடம் வேண்டும். இருப்பதில் எது போகும் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் காத்திருப்பே போய்விட்டால்? அப்புறம் அவள் யார் என்று அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும், அவனாகத் தெரிந்தது ஒன்றும் இருக்காது.

"மேடம்? இருக்கறீங்களா?"

"இருக்கேனுங்க. வெச்சுடறேன்."

"கோவிச்சுக்கலையே?"

"இல்லீங்க. அவங்க கூப்புடுவாங்க."

"ஆமாங்க. கூப்புடாம இருக்க மாட்டாங்க" என்றான் அவன், அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோல.

அவள் போனை வைத்தாள். வைத்தால் அவன் உறங்கிவிடுவான், காத்திருப்பது அவனுக்குத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்து எப்போது அழைப்பு வந்தாலும் அவனுக்கு அது இந்தச் சாயங்காலத்தின் அடுத்த நொடிதான். அதனால் அவசரமில்லை. அவசரமே இல்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, கூடத்தில் போனுக்கு எதிரே உட்கார்ந்தாள். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை.